மேட்டில் நிறுத்திய ஜீப்

மார்ச் 24, திங்கள். 63-ஆம் நாள்

மறுவாழ்வு மையத்து சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்து அனுப்பியபோது சொன்னது இரண்டே விஷயம். தினமும் தேதி போட்டு, குடிக்காமல் இருந்த நாளின் எண்ணிக்கையை எழுத வேண்டும். உண்மையை மட்டும் எழுத வேண்டும். வாசித்துப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். இரண்டு மாதம் எண்ணிக்கை மட்டும்தான் எழுதினேன். நாளுக்கு ஒரு வரி எழுதவே எனக்குப் பேனா பாறாங்கல்லாகக் கனத்தது. இந்த வாரம் பரீட்சை ஆரம்பிப்பதால் கொஞ்சம் கூட எழுதிப் பார்க்கிறேன்.

மஞ்சப்பாறை எஸ்டேட்டில் சொந்த ஜீப் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். மழைக்கு ஓடைமேல் இருந்த கல்வெட்டுப் பாலம் இடிந்ததிலிருந்து பஸ் மேலே வருவதில்லை. ஓடையில் இறங்கி ஏற ஜீப்பால்தான் முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரையும் டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. பதினாறு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

போன வருஷம் அறிவியல் பரீட்சை அன்றைக்கு ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்கு பிள்ளைகள் பரீட்சையை விட்டார்கள். மூன்று பேர் ஜூலையில் எழுதித் தேறிவிட்டார்கள். சின்னப்பொண்ணுவின் மகள் சந்தனமாரி மட்டும் எழுதவில்லை. அப்பா இல்லாத பிள்ளை, அதற்குள் நூல் மில் வேலைக்குப் போய்விட்டாள்.

அப்படி மறுபடி நடக்கக் கூடாது என்று தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து என் வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டி ஜீப்புக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். மூக்கு மேலே பார்க்க ஏற்றி நிறுத்த வேண்டும். செல்ஃப் ஸ்டார்ட்டர் பிடிக்காவிட்டால் பிரேக்கை விட்டுப் பின்னால் உருட்டி, ரிவர்ஸ் கியரில் கிளப்பிவிடலாம். ஒரு பக்கம் பள்ளம் என்பதால் வேறு மாதிரி நிறுத்த முடியாது. முன்பு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகைக்கு எதிரே சமதரையில் நிறுத்துவேன். மற்ற நாள் எப்படியோ, பரீட்சைக்கு முந்தின ராத்திரி அங்கே வேண்டாம் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஆறு பேர் மண்வெட்டியோடு நின்று வேலை செய்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது.

நான் குடியை விட்டதற்கும் போன வருஷத்துக்கும் சம்பந்தமில்லை. பொங்கலுக்கு சந்தனமாரி வந்திருந்தாள், ஆள் பாதியாக இருந்தாள். அடுத்த வாரம் நானே போய் மையத்தில் சேர்ந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 28, வெள்ளி. 67-ஆம் நாள்

தமிழ்ப் பரீட்சை, பத்து மணிக்கு. ஏழரைக்குச் செல்ஃப் அடித்தேன். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. உருட்டிப் பார்த்தேன், மேட்டிலிருந்து கீழே வந்ததுதான் மிச்சம். கீழே சமதரையில் நின்று அடித்து அடித்து, ஏழு ஐம்பதுக்குப் பிடித்தது. ஒரே வெள்ளைப் புகை. ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வேர்வையில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

மார்ச் 29, சனி. 68-ஆம் நாள்

பேட்டரி டெர்மினலைச் சுரண்டி, எர்த் வயரை மாற்றி முறுக்கினேன். டீசல் ஃபில்டர் புதிது போட்டேன். என்னை மாயா என்று கூப்பிடும் டவுன் மெக்கானிக் அலாவுதீன் பாயிடம் போனில் சொன்னேன். முப்பது வயசு வண்டி, காலைக் குளிர் தாங்காது என்றார். எஞ்சின் மேல் இரண்டு குடம் வெந்நீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். பஞ்சவர்ணம் அடுப்பு மூட்டிக்கொண்டே, "பரீட்சை இல்லாத நாள்ல நல்லாத்தானே கிளம்புது" என்றாள். பரீட்சை இல்லாத நாளில் பத்து மணிக்கு மேல்தான் எடுக்கிறேன், அதற்குள் வெயில் வந்துவிடும் என்று விளக்கினேன். என் பெண்டாட்டிக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்.

மார்ச் 31, திங்கள். 70-ஆம் நாள்

சந்தனமாரி வந்துவிட்டாள். மில்லில் இரண்டு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். விட்டுப்போன அறிவியலை மட்டும் தனித்தேர்வராக ஏப்ரல் 11-இல் எழுதப் போகிறாள். தேறினால் பாலிடெக்னிக்கில் சேரலாம். எழுத முடியாமல் போனால் 13-ஆம் தேதி மில் வேன் அடிவாரத்துக்கு வரும், ஏறிக்கொள்ள வேண்டும். இன்னொரு தடவை லீவு கிடையாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்களாம். மற்றப் பரீட்சை நாட்களிலும் ஜீப்பில் வந்து டீச்சரிடம் பாடம் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோபமும் காட்டவில்லை. கை விரல்களில் நூல் அறுத்த தழும்பு.

ஏப்ரல் 2, புதன். 72-ஆம் நாள்

ஆங்கிலம். மறுபடியும் அதே கதை. வெந்நீர் ஊற்றினோம், பிரயோஜனம் இல்லை. லைன் முழுக்க எழுந்து வந்து தள்ளியது. எட்டு இருபதுக்குப் பிடித்தது. ஒன்பது நாற்பதுக்கு வாசலில் இறக்கிவிட்டேன். பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில் ஒருத்தியின் செருப்பு வண்டியிலேயே கிடந்தது.

இந்தச் சந்தனமாரி ஒரு மாதிரியான பெண். காலையில் எல்லாருக்கும் முன்னால் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். நேராக என்னிடம் வந்து, முகத்துக்கு நேரே நின்று, "மணி என்ன மாமா?" என்றாள். சொன்னேன். போய் ஜீப்பில் உட்கார்ந்தாள். கையில் செல்போன் இருக்கிறது, அதில் மணி தெரியாதா?

ஏப்ரல் 3, வியாழன். 73-ஆம் நாள்

பாய் பைக்கில் ஏறி வந்தார். பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃப் நன்றாக இருக்கிறது. டீசல் எங்கும் ஒழுகவில்லை. ஜீப்பைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு உட்கார்ந்து வைத்தியர் போலக் கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எத்தனை தடவை. போன வருஷம் விட்டுப்போனதும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது எங்கே நின்றது? மஸ்டர் எதிரே சமதரையில் என்றேன். யார் என்ன செய்து சரியானது? யாரும் ஒன்றும் செய்யவில்லை, மதியம் தானாகவே கிளம்பியது என்றேன்.

பாய் பானெட்டை மூடினார். காலையில் பிடிக்காமல் மதியம் தானாகப் பிடித்தால் அது குளிர்தான், எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போயிருக்கும் என்றார். சனிக்கிழமை ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சவர்ணம் அவருக்கு டீ கொடுத்துவிட்டு உள்ளே போனவள், அவர் போகும்வரை வெளியே வரவில்லை. என்னிடமும் இன்று முழுக்கப் பேசவில்லை. அவளுக்குத் தலைவலியாக இருக்கும்.

ஏப்ரல் 5, சனி. 75-ஆம் நாள்

நான்கு ஹீட்டர் பிளக்கும் புதிது. இருட்டிவிட்டதால் ஷெட் வாசலிலேயே ஜீப்புக்குள் படுத்துக்கொள்கிறேன். பிராந்திக் கடை இங்கிருந்து நூறு அடி. போகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு. 76-ஆம் நாள்

ஆறு மணிக்கு, பனி எதிரே ஆள் தெரியாமல் மூடியிருக்கும்போது, ஒரே அடியில் பிடித்தது. பாய் சிரித்தார். நான் சிரித்தேன். வரும் வழியில் ஓடையில் நிறுத்தி ஜீப்பைக் கழுவிவிட்டு வந்தேன். மேட்டில் ஏற்றி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தாயிற்று. நாளைக்குக் கணக்கு.

ஏப்ரல் 7, திங்கள். 77-ஆம் நாள்

பிடிக்கவில்லை.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எட்டரை வரை பார்த்துவிட்டுப் பிள்ளைகளை நடக்கவிட்டார்கள். கல்வெட்டு வரை மூன்று கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்கள். அங்கே தேயிலைக் கொழுந்து லாரி ஒன்று தற்செயலாக நின்றிருக்கிறது. பத்து பத்துக்குப் பள்ளிக்கூட வாசல். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் விட்டிருக்க மாட்டோம் என்றார்களாம். சந்தனமாரியும் அவர்களோடு ஓடியிருக்கிறாள். அவளுக்கு இன்று பரீட்சையே இல்லை.

அவர்கள் போன பிறகு ஒன்பதேகாலுக்கு ஜீப் பிடித்தது. கல்லை எடுத்துக் கண்ணாடியில் போட்டுவிடலாம் போல இருந்தது.

சாயங்காலம் சின்னப்பொண்ணு வந்தாள். சத்தம் போடவில்லை. "நீங்க நல்லவருதான் அண்ணே. உங்க வண்டிதான் எங்களுக்கு ஆகாத வண்டி" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய். 78-ஆம் நாள்

மற்ற மூன்று பிள்ளைகளையும் வியாழக்கிழமை மதியமே டவுனில் சொந்தக்காரர் வீடுகளுக்கு இறக்கிவிடச் சொல்லிவிட்டார்கள். சந்தனமாரிக்கு டவுனில் யாரும் இல்லை. பாய் தன் வீட்டில் தங்கவைப்பதாகச் சொன்னார், அவர் மகள்கள் இருக்கிறார்கள். சின்னப்பொண்ணு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் பிள்ளையைக் கண் காணாத இடத்தில் விட்டது போதும், இனி ஒரு ராத்திரிகூட விடமாட்டேன் என்கிறாள். ஜீப் கிளம்பாவிட்டால் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே பந்தம் பிடித்துக்கொண்டு மகளை நடத்திக் கூட்டிப்போவாளாம். போன மாதம்தான் அதே பாதையில் வாட்ச்மேனை யானை அடித்தது. அந்த நேரத்தில் அங்கே யானை இல்லாத நாளே இல்லை. சொன்னேன். "தெரியும் அண்ணே" என்றாள்.

மானேஜர் பங்களாவுக்குப் போய்க் கேட்டேன். அவர் காரால் ஓடையில் இறங்க முடியாது. டவுன் ஜீப்காரர்கள் மூன்று பேரைக் கேட்டேன். அந்த நேரத்தில் காட்டுப் பாதையில் ஏறி வரமாட்டோம் என்றார்கள்.

பாய் போனில் சொன்னார், இனி டீசல் பம்புதான். கழற்றி மலைக்குக் கீழே அனுப்ப வேண்டும், வர நான்கு நாள். இருப்பது மூன்று நாள்.

எனக்கு இன்று குடிக்க வேண்டும். இதையும் எழுதச் சொன்னார் சிஸ்டர், எழுதிவிட்டேன். ஜீப்பை மேட்டிலிருந்து பள்ளத்தில் தள்ளிவிட்டு நானும் கூடவே போய்விடலாமா என்றுகூட யோசனை ஓடியது. பஞ்சவர்ணம் என் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கிள்ளி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை.

ஏப்ரல் 9, புதன். 79-ஆம் நாள்

பாய் பம்பைக் கழற்ற சாமான்களோடு வந்தார். பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரை பம்பு நட்டில் வைத்தார். திருகவில்லை. நின்றார்.

"மாயா, இதைக் கழட்டிட்டா வெள்ளிக்கிழமை உனக்கு வண்டி இல்ல. கழட்ட மனசு வரல. ஆனா வேற வழியும் தெரியல. போன வருஷம் மட்டத்துல நின்னும் பிடிக்கலன்னு நீ சொன்னதாலதான் பம்புன்னு முடிவு பண்ணேன். அது ஒண்ணு இல்லன்னா நான் வேற இடத்துல தேடியிருப்பேன்."

பஞ்சவர்ணம் வாசலில் நின்றிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு காலமும் இந்தப் பொய்யை வெறும் பொய் என்றுதான் நினைத்திருந்தேன். மானத்தைக் காப்பாற்றக் கட்டிக்கொண்ட ஒரு துணி, அவ்வளவுதான். அது இந்த மனுஷனின் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பாய், போன வருஷம் வண்டி கிளம்பிச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் சாவியத் தொடவே இல்ல. முந்தின நாள் குடிச்சது, மதியம் வரைக்கும் எந்திரிக்கல."

பஞ்சவர்ணம் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். "நாந்தான் போய் பானெட்டைத் திறந்து வச்சேன். வண்டி கிளம்பலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவர் எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கந்தல் துணியில் கையைத் துடைத்தார். இந்த வருஷம் எந்தெந்த நாளில் பிடிக்கவில்லை, எங்கே நின்றது என்று மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். உள்ளே போய் இந்த நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனார். எதையெல்லாம் வாசிக்கிறார் என்று எனக்கு உடம்பு கூசியது. ஏப்ரல் ஆறில் விரல் நின்றது.

"என் ஷெட் வாசல் மட்டம். அன்னிக்கு இதைவிடக் குளிர். ஒரே அடில பிடிச்சுது. ஹீட்டரால இல்ல மாயா. மேட்டுல நின்னா மட்டும்தான் உன் வண்டி பிடிக்கல."

ஜீப்புக்கு அடியில் படுத்தார். டேங்கிலிருந்து ஃபில்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளாம்புக்குப் பக்கத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. டீசல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். சமதரையில் நின்றால் தெரியாது. மூக்கு மேலே தூக்கி நின்றால் விடியும் முன் டீசல் முழுக்க டேங்குக்கே இறங்கிவிடும், குழாயில் வெறும் காற்று. கீழே உருட்டி வந்து வெகு நேரம் செல்ஃப் அடித்த பிறகுதான் டீசல் திரும்ப ஏறி வந்திருக்கிறது. நாங்கள் அதை வெயில் என்று நினைத்துக்கொண்டோம்.

வராத கோளாறுக்குப் பயந்து ஆறு பேர் மண் வெட்டிக் கொடுத்த மேடு. அந்த மேடுதான் கோளாறு.

ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளாம்ப். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. போகும்போது பாய் பைக்கில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "வண்டி என்கிட்ட பொய் சொல்லாது மாயா. வண்டிக்காரன் சொன்னா நான் என்ன செய்ய?"

ஏப்ரல் 10, வியாழன். 80-ஆம் நாள்

மேட்டில், மூக்கு மேலே, ஏழு மணி. ஒரே அடி. அணைத்துவிட்டு மறுபடி. ஒரே அடி. பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று பிள்ளைகளையும் டவுனில் இறக்கிவிட்டு வந்தேன். இன்று ஜீப்பை மஸ்டர் எதிரே சமதரையில் நிறுத்தினேன். லைன்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சரி செய்தாயிற்று, இங்கேதான் நிற்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்ல வாய் வந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளை எழுதி முடிக்கட்டும், அதுவரை யார் மனதையும் கலக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இது உண்மையான காரணமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி. 81-ஆம் நாள்

நாலரை மணிக்கு சின்னப்பொண்ணு பந்தத்தோடு வந்து நின்றாள். ஜீப்பைக் கிளப்பிக் காட்டினால்தான் நம்புவேன் என்றாள். காட்டினேன். பந்தத்தைத் தொட்டித் தண்ணீரில் முக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

ஏழு மணிக்குச் சந்தனமாரி வந்தாள். முகத்துக்கு நேரே நின்றாள். மணி என்ன என்று கேட்டாள். ஏழு என்றேன்.

ஜீப் கிளம்பியது. அவள் மட்டும்தான், முன் சீட்டில் புத்தகத்தோடு. பரீட்சைக்கு முன்னால் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ஓடையில் இறங்கும்போது அவளே கேட்டாள், வண்டியில் என்ன கோளாறு என்று. ஹோஸ் என்றேன். போன வருஷமும் அதுதானா என்றாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஓடை நடுவில் நிறுத்திவிட்டேன். "இல்லம்மா. போன வருஷம் வண்டியில கோளாறே இல்ல. நான் குடிச்சுட்டுக் கெடந்தேன்."

"தெரியும் மாமா" என்றாள்.

அன்றைக்கு மழையில் மற்ற மூன்று பேரும் மானேஜர் பங்களாவுக்கு வண்டி கேட்டு ஓடியிருக்கிறார்கள். இவள் மட்டும் ஜீப்பருகில் நின்றிருக்கிறாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. ஏறி உட்கார்ந்து திருகியிருக்கிறாள். ஒரே அடியில் பிடித்ததாம். பஞ்சவர்ணம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்திருக்கிறாள். கும்பிட்டிருக்கிறாள். இவள் சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறாள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"சொன்னா உங்களை அடிச்சிருப்பாங்க, வண்டிய நொறுக்கியிருப்பாங்க. சமூக அறிவியல் பரீட்சை பாக்கி இருந்துச்சு. யாரு எங்களைக் கூட்டிட்டுப் போறது?" புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. மில்லுல ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் அந்த ஸ்டார்ட் சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. இந்த வருஷமும் உங்க வண்டிதான், வேற வழியில்ல. அதான் தினமும் கிட்ட வந்து மணி கேட்டேன்."

நான் மணி சொல்ல வாயைத் திறக்க வேண்டும். குடித்த வாடை அடிக்கிறதா என்று அவள் மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் எனக்குப் புரியவில்லை.

ஒன்பது மணிக்கு வாசலில் இறக்கிவிட்டேன். ஒன்றேகாலுக்கு வெளியே வந்தாள். எழுதிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 12, சனி. 82-ஆம் நாள்

மஸ்டரில் எல்லாரும் கூடியிருந்தபோது சொன்னேன். பானெட் கதையையும் நான்தான் சொன்னேன், பஞ்சவர்ணத்தைச் சொல்ல விடவில்லை. யாரும் அடிக்கவில்லை. மேட்டை வெட்டிய ஆறு பேரும் கலைந்து போனார்கள். சின்னப்பொண்ணு கூடையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள், அங்கே நான் ஒருவன் நிற்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. நேற்று வரை அண்ணே என்றவள்.

ஏப்ரல் 13, ஞாயிறு. 83-ஆம் நாள்

மில் வேன் வந்ததாம். அவள் ஏறவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய். 85-ஆம் நாள்

கடைசிப் பரீட்சை. மூன்று பிள்ளைகளையும் அனுப்புவார்களா என்று நேற்று முழுக்க எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆறரைக்கே மஸ்டர் எதிரே போய் ஜீப்பில் உட்கார்ந்தேன். ஏழு மணி வரை யாரும் வரவில்லை.

ஏழு மணிக்குச் சந்தனமாரி வந்தாள். அவளுக்கு இன்று பரீட்சை இல்லை, டீச்சரைப் பார்க்கவும் வேலை இல்லை. கொஞ்சம் தள்ளி, லைன் திருப்பத்தில், மூன்று பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"மணி என்ன மாமா?"

நான் வாயை நன்றாகத் திறந்து, மூச்சை முழுக்க விட்டு, ஏழு அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா என்று சொன்னேன். அவள் திரும்பி, அவர்களைப் பார்த்து வரச் சொல்லிக் கையை ஆட்டினாள்.